பத்து ஆராங்கில் அரை ஏக்கர்: கரிமேட்டு மண்ணோடு மூன்றரை வருடம்

2022 ஜனவரியில் நிலத்தைப் பார்க்கப் போன முதல் நாளே மாமா ஒன்றைக் காட்டினார். வேலிக் கம்பி மூன்று பக்கமும் நன்றாக இருந்தது. கிழக்கு மூலையில் மட்டும் துருவேறி, தொட்டால் ஒடிந்தது. "இந்த மூலையில மட்டும் கம்பி நிக்க மாட்டேங்குதும்மா, ரெண்டு தடவ மாத்திட்டேன்" என்றார். பழைய கம்பியாக இருக்கும் மாமா என்று சொல்லிவிட்டேன். அதற்குள் இருந்த பதிலைப் படிக்க எனக்குப் பத்து மாதம் ஆனது. அந்தப் பத்து மாதத்தையும் அதற்குப் பின் செய்ததையும் எழுதி வைக்கிறேன். இதே மாதிரி மண் யாருக்காவது கைக்கு வந்தால் உதவும்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில். பெரியவர்களுக்கு இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். மாமனார் முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் சீவியவர். தோட்டத்தை விட்டு வந்தபோது இ.பி.எஃப். என்ற சேமநிதிப் பணத்தில் பத்து ஆராங் ஓரத்தில் அரை ஏக்கர் வாங்கினார். வாழை, முருங்கை, கறிவேப்பிலை, கொஞ்சம் மரவள்ளி, இவ்வளவுதான் அவர் ஆசை. நான் செம்பனை ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். எண்ணெயில் அமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று நாள் முழுக்க அளப்பதுதான் என் தொழில். அதனால் மண்ணைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பத்து ஆராங் என்ற பெயரிலேயே கரி இருக்கிறது, மலாயில் பத்து என்றால் கல், ஆராங் என்றால் கரி. 1915 முதல் 1960 வரை மலாயன் கொலியரிஸ் என்ற நிறுவனம் அங்கே நிலக்கரி எடுத்தது. மலாயாவின் ரயில்களும் ஈயச் சுரங்கங்களும் மின் நிலையங்களும் அந்தக் கரியில் ஓடின. 1937இல் தொழிலாளர்கள் சுரங்கத்தையே கைப்பற்றி நடத்திய வேலைநிறுத்தம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. பிறகு டீசலும் எண்ணெயும் வந்து சுரங்கத்தை மூட வைத்தன. எஞ்சியவை திறந்தவெளியாக வெட்டிய குழிகளில் தேங்கிய ஏரிகள், செங்கல் புகைபோக்கிகள், ஊருக்கடியில் சுரங்கப் பாதைகள், அப்புறம் கரியை எடுப்பதற்காகப் புரட்டிக் கொட்டிய மண்.

அந்தப் புரட்டல்தான் எல்லாவற்றுக்கும் வேர். சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களின் மண்ணை ஆழமாக வெட்டிப் பார்த்தால் மேலே கறுப்பும் பழுப்புமாக ஒரு பட்டை, கீழே போகப் போகச் சிவப்பு, அதற்கும் கீழே சிதைந்த பாறை. மேல் பட்டையில்தான் உயிர் இருக்கிறது. கரிக்காக வெட்டும்போது அது முதலில் போய் அடியில் விழும். பல வருடம் காற்றே படாமல் கிடந்த சாம்பல் நிறக் களிப்பாறை கடைசியாக வெளியே வந்து மேலே உட்காரும். அமெரிக்காவில் 1977இல் வந்த நிலக்கரிச் சுரங்கச் சட்டம் மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்துத் திரும்பப் பரப்ப வேண்டும் என்கிறது. மழை போதிய இடங்களில் கடைசி விதைப்புக்குப் பிறகும் 5 வருடம், வறண்ட இடங்களில் 10 வருடம் அந்த நிலத்துக்குச் சுரங்கக்காரர்தான் பொறுப்பு. பத்து ஆராங் மூடப்பட்டு 17 வருடம் கழித்து வந்த சட்டம் அது. எங்கள் அரை ஏக்கரில் மேல்மண் எங்கே போனது என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

முதல் நாள் பார்த்ததை 555 கணக்குப் புத்தகத்தில் குறித்து வைத்தேன். மண் கறுப்பும் சாம்பலுமாக, சில்லுச் சில்லாக உடைகிறது. லாலாங் புல்லும் செந்துடுக் செடியும் திட்டுத் திட்டாக. ஊதாப் பூ பூக்கும் செந்துடுக் அலுமினியத்தைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும் செடி, அமில மண்ணில் சௌகரியமாக வளரும். அது அடர்ந்து நிற்கும் இடத்தில் பி.எச். பேனாவை (அமில அளவைக் காட்டும் கருவி, 7க்குக் கீழே எண் இறங்க இறங்க அமிலம் கூடும்) வைக்காமலே ஓரளவு ஊகிக்கலாம். கிழக்கு மூலையில் அதுகூட இல்லை. வெறும் தரை, வெயில் நாளில் மேலே மஞ்சளும் வெள்ளையுமாகப் பொருக்கு. பகல் ஒரு மணிக்குச் சமையல் வெப்பமானியை அந்தக் கறுப்புத் தரையில் காட்டினேன், 57 டிகிரி. அந்தச் சூட்டில் முளை விட்ட எதுவும் மதியத்தைத் தாண்டாது.

பிப்ரவரியில் மாதிரி எடுத்தேன். நிலம் முழுக்கப் பத்து இடத்தில் 15 செ.மீ. ஆழம் வரை வெட்டி, எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்து, அதிலிருந்து ஒரு கை மண். ஆலையில் நாங்கள் தினமும் செய்வது இதுதான். லோரி லோரியாக வரும் எண்ணெயிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து ஒரு எண் சொல்வோம். எண்ணெய்க்கு அது சரி, ஏனென்றால் கடைசியில் எல்லாம் ஒரே தொட்டியில் கலக்கப்போகிறது. நிலம் கலப்பதில்லை. வாழை தன் காலடி மண்ணில்தான் நிற்கும், மொத்த நிலத்தின் சராசரியில் நிற்காது. இது எனக்கு அன்று தோன்றவில்லை.

ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த சுத்த நீர்) சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் தெளிய விட்டு, 4.01, 7.00 கரைசல்களில் சரிபார்த்த பேனாவை வைத்தேன். 4.4 வந்தது. பயப்படவே இல்லை. நம் தோட்டங்களின் மேட்டு மண் பெரும்பாலும் நாலுக்கும் ஐந்துக்கும் இடையில்தான் இருக்கும், பால் மரமும் செம்பனையும் அதில் நன்றாகவே வாழ்கின்றன. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 4.4 ஒரு சாதாரண எண். அந்தப் பழக்கமும் என்னை ஏமாற்றியது.

மார்ச் மாதம் தோட்டங்களில் போடும் ஜி.எம்.எல். சுண்ணாம்பு 50 கிலோ மூட்டை எட்டு வாங்கினோம். மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு அது, நம் மண்ணில் மக்னீசியமும் குறைவு என்பதால் இரண்டு வேலை செய்யும். அரை ஏக்கர் ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர், 400 கிலோ என்றால் ஹெக்டருக்கு 2 டன் கணக்கு. மேடு பள்ளத்தைச் சமமாக்க ஒரு பேக்ஹோ வாடகைக்கு வைத்தோம். அடியில் சுரங்கப் பாதை இருக்கும் ஊர் என்பதால் எங்கள் இடம் எப்படி என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டோம். பத்து ஆராங்கில் இயந்திரம் இறக்கும் யாரும் அதைச் செய்யாமல் இறக்கக் கூடாது. ஓட்டுநர் வேலையில் கெட்டிக்காரர், தரையைக் கேரம் பலகை மாதிரி ஆக்கிக் கொடுத்தார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஈர மண்ணில் அந்த எடை முன்னும் பின்னும் நாற்பது தடவை போனது. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது என் இரண்டாவது தவறு.

ஏப்ரல் மழைக்கு மூடுபயிர் விதை போட்டோம். பால் மரக் கன்றுகளுக்கு இடையில் விடுவார்களே, அந்தப் புவேராரியா கொடி. விதைத்தோல் கடினம் என்பதால் கொதி தணிந்த சுடுநீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் ராக் பாஸ்பேட் மாவோடு பிசைந்து வரிசையாகப் போட வேண்டும். இதை மாமாதான் செய்தார். அவர் கை அந்த வேலையை மறக்கவில்லை. அமில மண்ணில் ராக் பாஸ்பேட் மெல்ல மெல்லக் கரைந்து கொடிக்கு வேண்டிய பாஸ்பரஸைக் கொடுக்கும். கொடி காற்றிலிருக்கும் நைட்ரஜனை வேர் முடிச்சில் சேர்க்கும். எட்டு வாரத்தில் ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறினேன், உள்ளே இளஞ்சிவப்பு. அப்படி இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் சும்மா இருக்கிறது.

செப்டம்பரில் தூரத்திலிருந்து பார்த்தால் நிலம் பச்சை. வருகிற உறவினர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள். ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு இடத்தில் கதை வேறு. பேக்ஹோ சக்கரம் போன தடங்களில் தண்ணீர் தேங்கி, வாழைக் கன்றுகள் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டன. கிழக்கு மூலையில் கொடி எட்டிப் பார்த்து, இலை ஓரம் கருகிப் பின்வாங்கியிருந்தது. நான் மறுபடியும் பத்து இடத்து மண்ணைக் கலந்து அளந்தேன். 5.2. ஏறியிருக்கிறதே என்று மகிழ்ந்துகூடப் போனேன்.

நவம்பர் மழையில்தான் கண் திறந்தது. மூலையிலிருந்து வழிந்த தண்ணீர் வாய்க்காலில் செம்பழுப்புப் படலமாக இறங்கிக்கொண்டிருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, "கம்பிய தின்ன தண்ணி இதுதாம்மா" என்றார். அந்தத் தண்ணீரை அங்கேயே அளந்தேன், 3.3. அன்று மாலையே மூலையிலிருந்து மட்டும் மண் எடுத்தேன். 2.9.

காரணம் தெளிவானது. நிலக்கரிப் படுகைகளின் களிப்பாறையில் சில இடங்களில் பைரைட் இருக்கும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. மண்ணுக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. வெளியே வந்து காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலமாகவும் இரும்பாகவும் பிரியும். பி.எச். நாலுக்குக் கீழே இறங்கிய பிறகு அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் சேர்ந்துகொண்டு வேகத்தைப் பல மடங்கு ஆக்கும். அமிலத்தில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைச் சுடும். வேலிக் கம்பியின் துத்தநாகப் பூச்சு போவதும், தண்ணீரில் செம்பழுப்புப் படிவதும், தரையில் மஞ்சள் பொருக்கு வருவதும் ஒரே சங்கதியின் மூன்று முகம்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பி.எச். பேனா சொல்வது இன்று இருக்கும் அமிலத்தை. பாறைச் சில்லுக்குள் இன்னும் உடையாமல் இருக்கும் பைரைட், நாளைக்கு வரப்போகும் அமிலம், அதைப் பேனா சொல்லாது. அதற்கு வேறு சோதனை. 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை மண்ணில் விட்டால், பல வருடத்தில் நடக்க வேண்டிய உடைதல் சில நிமிடத்தில் நடந்துவிடும். பிறகு பி.எச். மூன்றுக்குக் கீழே விழுந்தால் உள்ளே தாது மிச்சம் இருக்கிறது என்று வலுவாகச் சந்தேகிக்கலாம். வீட்டில் செய்ய நினைப்பவர்கள் கவனிக்கவும்: இது தோலைச் சுடும் திரவம். கையுறை, கண்ணாடி கட்டாயம், மூடாத கண்ணாடிக் குவளையில் திறந்த வெளியில் மட்டும். கடையில் வாங்கும் பெராக்சைடு பலநேரம் தானே அமிலமாக இருக்கும், அதன் பி.எச்சை முதலில் ஐந்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டுத்தான் மண்ணில் விட வேண்டும். எங்கள் மூலை மண் பால் பொங்குவது போலப் பொங்கி, ஆவி பறந்து, 2.0இல் நின்றது.

ஆனால் கரித் தூளும் பெராக்சைடில் பொங்கும். கரிமேட்டு மண்ணில் அந்தப் பொங்கலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தவறாகிவிடும். அதனால் காசு கொடுத்து வெளிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். மொத்தக் கந்தகத்தை மட்டும் கேட்காமல் பைரைட் கந்தகத்தைத் தனியாகக் கேட்டேன், ஏனென்றால் கரிக்குள் இருக்கும் கரிமக் கந்தகம் இப்படி அமிலமாவதில்லை. மூலை மண்ணில் பைரைட் கந்தகம் 0.7 சதவீதம், அமிலத்தை எதிர்க்கும் சுண்ணச் சத்து இல்லவே இல்லை. மற்ற இடங்களில் எடுத்த மூன்று மாதிரிகளில் கந்தகம் சொல்லும்படி இல்லை. அதாவது 2,000 சதுர மீட்டரில் கெட்டுப்போனது 80 சதுர மீட்டர்தான். வாளியில் பத்துக்கு ஒரு பங்காகப் போய் அது மறைந்துவிட்டது.

கணக்கை முழுசாகப் போடுகிறேன், இதுதான் இந்தப் பதிவின் உயிர். பைரைட் கந்தகம் 1 சதவீதம் இருந்தால் ஒரு டன் மண்ணுக்கு 31.25 கிலோ சுத்தமான சுண்ணக் கார்பனேட் வேண்டும், இது வேதியியல் கணக்கு. எங்களுக்கு 0.7 சதவீதம், ஆக டன்னுக்கு 22 கிலோ. 80 சதுர மீட்டர், 30 செ.மீ. ஆழம், 24 கன மீட்டர், கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்று 36 டன் மண். 36 டன்னுக்கு 790 கிலோ. சுண்ணாம்பு ஒவ்வொரு சில்லையும் தொடாது, தூளின் மேலேயே இரும்பு படிந்து அதை மூடிவிடும், அதனால் ஒன்றரை மடங்கு. கிட்டத்தட்ட 1,180 கிலோ, 24 மூட்டை. மார்ச்சில் நான் போட்ட எட்டு மூட்டையில் இந்த மூலையின் பங்கு 16 கிலோ. மாமாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப கம்பி சொன்னது சரிதான்" என்றார்.

அப்புறம் ஏன் சுண்ணாம்போடு நிறுத்தக் கூடாது என்று கேட்கலாம். கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பழுப்பு நிலக்கரி வயல்களில் சுண்ணாம்பையும் கரிச் சாம்பலையும் ஆழமாகக் கலந்துதான் நிலத்தை மீட்டார்கள். ஆனால் 30 செ.மீட்டருக்குக் கீழேயும் எங்கள் தாது இருக்கிறது. எல்லாவற்றையும் தோண்ட எங்களிடம் வசதி இல்லை. ஆகவே மேலே ஒரு மூடியும் போட முடிவு செய்தோம். காற்றும் தண்ணீரும் போகாவிட்டால் அடியில் இருப்பது தூங்கும்.

2023 பிப்ரவரி, மழை விட்டிருந்த இரண்டு வாரம். முதலில் மேட்டுப் பக்கம் ஒரு வெட்டுக் கால்வாய், மேலிருந்து வரும் தண்ணீர் மூலைக்குள் இறங்காமல் சுற்றிப் போக. பிறகு 30 செ.மீ. மண்ணைக் கிளறி, சுண்ணாம்பை இரண்டு தவணையாக, பாதி அடியில் பாதி மேலே, கலந்தோம். காற்றடிக்கும் நேரத்தில் செய்யக் கூடாது, முகமூடி இல்லாமலும் கூடாது. என் கணவரும் மச்சானும் இரண்டு நாள் வெள்ளையாகவே இருந்தார்கள். அதன் மேல் 15 செ.மீ. சிவப்புக் களிமண்ணைப் பரப்பி, இதை மட்டும் நன்றாக இறுக்கினோம். இறுக்கம் நல்லது செய்யும் ஒரே இடம் அதுதான். அதற்கு மேல் 30 செ.மீ. மேல்மண், தூக்கிப் போட்டபடி, யாரும் மிதிக்காமல்.

மேல்மண் கிடைப்பது பெரிய பாடு. தெரிந்தவர் ஒருவர் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார், அவரிடம் மேல் ஒரு அடியை மட்டும் தனியாகக் கேட்டோம். அதற்கு முன் காசு கொடுத்து வாங்கிய முதல் லோரியில் வந்தது பெயருக்குத்தான் மேல்மண், உள்ளே முழுக்கச் சிவந்த அடிமண்ணும் லாலாங் கிழங்கும். திருப்பி அனுப்பினேன். சோதனை எளிது: ஒரு கட்டியை எடுத்துத் தண்ணீர்க் குவளையில் மெல்ல இறக்குங்கள். நல்ல மேல்மண் கட்டி சில நிமிடமாவது உருக்குலையாமல் இருக்கும், அடிமண் பிஸ்கட் தேநீரில் விழுந்தது போல உடனே சரியும். முகர்ந்தும் பாருங்கள், மழை பெய்த தோட்டத்து வாசனை இருக்க வேண்டும். மாதக்கணக்கில் உயரமாகக் குவித்து வைத்த மண்ணையும் தவிர்த்தேன், குவியலின் நடுவில் காற்றில்லாமல் மண் உயிர்கள் செத்துப்போகும்.

மூடிக்கு மேல் வாழை வைக்கவில்லை. மாமாவுக்கு அது வருத்தம்தான், நல்ல மண் அங்கேதான் இருக்கிறது என்பார். ஆழ வேர் களிமண்ணைத் துளைத்தால் அந்தத் துளை வழியே காற்று இறங்கும் என்று சொல்லிப் புரியவைத்தேன். மேலே புல்லும் புவேராரியாவும், சரிவின் விளிம்பில் மட்டும் மண் சரியாமல் இருக்க வெட்டிவேர், ஒரு சாண் இடைவெளியில் இரண்டு வரிசை. அமிலத்தையும் அலுமினியத்தையும் தாங்குவதால் உலகம் முழுக்கச் சுரங்க நிலங்களில் வெட்டிவேர் வைக்கிறார்கள், உலகம் அதை அழைக்கும் பெயரும் நம் தமிழ்ப் பெயர்தான். ஆழமாகப் போகும் வேர் என்பதால் மூடியின் நடுப்பகுதியில் வைக்கவில்லை.

இறுகிப்போன சக்கரத் தடத்துக்கு வருகிறேன். இறுக்கத்தைக் கண்ணால் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். சாதாரண மண்ணில் இரண்டு பக்கமும் வெட்டிய பால் டின்னை அடித்து இறக்கிக் கன அளவு மண்ணை எடுக்கலாம். எங்கள் மண்ணில் பாறைச் சில்லு இருப்பதால் டின் நசுங்கிவிடும். அதனால் வேறு வழி: தரையில் ஒரு சின்னக் குழி தோண்டி, தோண்டிய மண் முழுவதையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். குழிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் விரித்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்ற எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். மண்ணை 105 டிகிரியில் ஒரு நாள் காயவைத்து நிறுக்க வேண்டும். தடத்தில் குழி பிடித்த தண்ணீர் 1,150 மில்லி, காய்ந்த மண் 1,980 கிராம். கன செ.மீட்டருக்கு 1.72 கிராம். சில்லைச் சலித்துக் கழித்துப் பார்த்தாலும் இவ்வளவு இறுகிய மண்ணில் வேர் சுவரில் முட்டியது போல நின்றுவிடும்.

தண்ணீர் இறங்கும் வேகத்துக்கு 6 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். தரையில் கொஞ்சம் இறக்கி 444 மில்லி ஊற்றினால் ஏறக்குறைய ஒரு அங்குலம். அது வற்ற எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதுதான். முதல் அங்குலம் காய்ந்த மண்ணை நனைக்கவே போகும், இரண்டாவது அங்குலத்தைக் கணக்கில் எடுங்கள். தடத்தில் 52 நிமிடம், அதே நாளில் வேலியோரம் இயந்திரம் போகாத இடத்தில் 9 நிமிடம்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைச் சுரங்கங்களில் பல வருடம் நிலத்தை வழவழப்பாகச் சமன் செய்துவிட்டு மரம் ஏன் வளரவில்லை என்று திகைத்தார்கள். இப்போது மரம் வைக்கும் இடத்தில் குறைந்தது 4 அடி மண்ணை இறுக்காமல் கொட்டி விடச் சொல்கிறார்கள், மேடு பள்ளமாக இருந்தாலும் பரவாயில்லை என்று. எங்களால் 4 அடி முடியாது. 2023 மே மாதம் அதே பேக்ஹோவை மறுபடி அழைத்தோம். இந்தமுறை பின்னால் நகர்ந்துகொண்டே வாளிப் பல்லால் 60 செ.மீ. வரை உடைத்துக்கொண்டு வந்தார், உடைத்த இடத்தில் சக்கரம் திரும்ப ஏறவில்லை. வேலைக்கான நாளையும் நானே குறித்தேன். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டுவேன், முறுக்கு போலத் திரி வந்தால் இன்று வேலை வேண்டாம், உதிர்ந்தால் வரச் சொல்லலாம்.

உடைத்த மண் அடுத்த மழையில் திரும்ப இறுகாமல் இருக்க உணவு வேண்டும். ஆலையிலிருந்து தண்டான் கோசோங் கிடைத்தது, எண்ணெய்ப் பழம் பிரித்த வெற்றுக் குலைகள். ஒரே அடுக்காகப் பரப்பினோம். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பக்கத்துச் செம்பனையைக் கெடுக்கும், ஈயும் மொய்க்கும். சக்கை மட்கும்போது மண்ணிலிருக்கும் நைட்ரஜனைத் தற்காலிகமாக இழுத்துக்கொள்ளும் என்பதால் அடியில் கோழி எருவையும் தூவினோம். ஆறு மாதத்தில் அந்தச் சக்கைக்கு அடியில் மண் தொட்டால் குளிர்ந்தது. கொடி மூடிய இடத்தில் அதே பகல் ஒரு மணிக்கு 31 டிகிரி.

கண்காணிப்பை எப்படி மாற்றினேன் என்று சொல்கிறேன். நிலத்தில் 16 முளை அடித்து எண் எழுதினேன், அதில் நான்கு கிழக்கு மூலையில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு முளையிலிருந்தும் தனித்தனிப் பையில் மண், மேல் 15 செ.மீ. ஒரு பை, அடியில் 30 முதல் 45 வரை ஒரு பை. மூலையில் மட்டும் களிமண்ணுக்குக் கீழே, சுண்ணாம்பு கலந்த அடுக்கிலிருந்தும் துரப்பணத்தால் ஒரு சிறு மாதிரி எடுத்துவிட்டு, துளையைக் களிமண்ணால் அடைத்துவிடுவேன். கலப்பதே இல்லை. ஒவ்வொரு தடவையும் பி.எச்., கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன். வருடத்துக்கு ஒருமுறை இறுக்கமும் தண்ணீர் இறங்கும் வேகமும். மழை தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் பெரிய மழைக்குப் பிறகு வாய்க்கால் தண்ணீர் ஒரு பாட்டில். மண்புழுவுக்கு ஒரு அடிக்கு ஒரு அடி குழி, காலையில். அதே முளையருகே நின்று அதே திசையில் ஒரு படம். எண்ணை எழுதும்போது முந்தின எண்ணைப் பார்க்க மாட்டேன், பார்த்தால் கை தானாக அந்தப் பக்கம் சாயும். இது ஆலையில் கற்றது, இங்கே சரியாகப் பயன்பட்டது.

2025 ஜூலை வரை வந்த எண்கள்: மூலையில் சுண்ணாம்பு கலந்த அடுக்கு முதலில் 6.9, அடுத்த வருடம் 6.3, இப்போது 6.2. இறங்குவது நின்றுவருகிறது. வாய்க்கால் தண்ணீர் 3.3இலிருந்து 5.9. அதன் மின்கடத்துதிறன் 1.9 மில்லிசீமென்ஸிலிருந்து 0.4. செம்பழுப்புப் படலம் கடந்த இரண்டு மழைக்காலத்தில் வரவில்லை. சக்கரத் தடத்தில் இறுக்கம் 1.23, தண்ணீர் 11 நிமிடத்தில் இறங்குகிறது. மண்புழு 2022இல் ஒன்றுகூட இல்லை, 2023இல் 3, இந்த வருடம் 11. பதினான்காம் முளை மட்டும் என்னைத் தூங்க விடவில்லை. மூலையின் விளிம்பில், மூடிக்கு ஒரு அடி வெளியே, அடி மண் 4.8இலிருந்து 4.3 ஆகியிருக்கிறது. தாதுப் படுகை நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கலாம். அங்கே இரண்டு மாதிரி பைரைட் கந்தகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவைப் பொறுத்து மூடியை அந்தப் பக்கம் நீட்ட எட்டு மூட்டை சுண்ணாம்பைக் கொட்டகையில் தயாராக வைத்திருக்கிறோம்.

மாமாவின் சொந்தங்கள் விருத்தாசலம் பக்கம். தொலைபேசியில் பேசும்போது, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுத்த குழிகளை நிரப்பி மரமும் பயிரும் வைத்திருப்பதைச் சொல்வார்கள். "நம்ம மூலையும் அப்படித்தான் ஆகும்" என்று மாமா அவர்களிடம் சொல்வது பக்கத்து அறையில் எனக்குக் கேட்கும்.

போன மாதம் தண்ணீர்த் தொட்டி வைக்க ஒரு குழி தேவைப்பட்டது. நான் ஆலையில் இருந்தேன். மாலையில் போய்ப் பார்த்தால் மாமா தனியாகத் தோண்டி முடித்திருந்தார். குழியின் வலப்பக்கம் கறுத்த மேல்மண் ஒரு குவியல், ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தார். இடப்பக்கம் பழுப்பு மண் ஒரு குவியல். சாம்பல் நிறச் சில்லுகளை மட்டும் பொறுக்கி ஒரு வாளியில் தனியாக வைத்து, மழைத் தண்ணீர் விழாமல் மேலே தகரம் வைத்திருந்தார். "இத நீ அளந்து பாத்துட்டு சொல்லும்மா, அதுவரைக்கும் கீழ கொட்ட வேணாம்னு வச்சிருக்கேன்" என்றார். அன்று இரவே அளந்தேன். 4.7. பெராக்சைடு விட்டும் பொங்கவில்லை. காலையில் சொன்னேன், பிறகுதான் வாளியைக் குழியின் அடியில் கவிழ்த்தார். அதன் மேல் பழுப்பு மண், கடைசியாகக் கறுத்த மண்.